மூடாமல் விட்ட முகம்

வால்டா ஆஸ்திரேலியாவின் அந்தப் பாலைவன ஊர்ப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக உதவி ஆசிரியை. நகரத்திலிருந்து புதிதாக வரும் வெள்ளைக்கார ஆசிரியர்களிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவாள்: "எந்தப் படத்தையும் மாட்டுறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுங்க." அந்த ஊர்ப் பழங்குடிகளின் வழக்கப்படி, இறந்தவரின் முகம் துக்கம் தீரும்வரை யார் கண்ணிலும் படக்கூடாது; பெயரும் காதில் விழக்கூடாது. பள்ளிப் புத்தகங்களையெல்லாம் பக்கம் பக்கமாகப் புரட்டி, அப்படிப்பட்ட முகங்கள்மேல் காகிதம் ஒட்டுவாள்.

அந்த வருடம் வந்த ஆசிரியை அவளுடைய தங்கை ஜெனெல். அந்த ஊரிலிருந்து டார்வின் நகரத்துக்குப் போய் ஆசிரியர் பட்டம் வாங்கிய முதல் பெண். வால்டாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் பழைய வகுப்புப் படம் ஒன்றைத் தேடியெடுத்துப் பெரிதாக்கினாள். அதில் ஜெனெலுக்கு ஆறு வயது, முன்பல் இல்லை. அளவுகோல் வைத்துக் கோணாமல் வகுப்பு வாசலில் மாட்டினாள்.

காலையில் ஐவி அத்தை தன் பேரப்பிள்ளைகள் இருவரையும் கூட்டி வந்தாள். அவள் மகன் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. துக்கத்துக்குப் பூசிய வெள்ளைக் களிமண் அவள் நெற்றியில் இன்னும் இருந்தது. படத்தில், ஜெனெலுக்குப் பின்வரிசையில், அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஐவி அதைப் பார்த்துவிட்டாள். பிள்ளைகளின் கண்களைக் கைகளால் பொத்தித் திருப்பிக்கொண்டு போனாள். பின்னால் வந்த தாய்மாரும் திரும்பினார்கள். வகுப்பில் நான்கு பிள்ளைகள்தான் மிஞ்சினார்கள்.

பள்ளி வண்டி ஓட்டும் கிளிஃபர்ட் உமிழ்ந்துவிட்டுச் சொன்னான்: "வெள்ளைக்காரங்களுக்குப் பாடம் எடுத்து எடுத்து நீயும் வெள்ளைக்காரி ஆயிட்டியா, கொழுந்தியா?"

ஜெனெல் தன் மேல்சட்டையைக் கழற்றிப் படத்தை மூடினாள். "யாரு அக்கா இதை மாட்டினது? போன வருஷத்து வாத்தியாரா?"

ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது. "நான்தான்டி," என்றாள் வால்டா.

தங்கை சட்டையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

துக்க வழக்கப்படி மகன் இருந்த வீட்டை விட்டுவிட்டு, ஐவி ஊருக்குக் கிழக்கே தகரக் கொட்டகையில் இருந்தாள். வால்டா அங்கே போய், கூப்பிடு தூரத்தில், முகம் பார்க்கக் கூசி, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். நாய்கள் வந்து மோந்து பார்த்துப் போயின. வெயில் உச்சிக்கு ஏறிச் சாய்ந்த பிறகுதான் குரல் வந்தது.

"உனக்குத் தெரியாதாடி?"

"தெரியும் அத்தை."

"அப்புறம்?"

"தங்கச்சி முகத்தை மட்டுந்தான் பாத்தேன்."

ஐவி எழுந்து கொட்டகை வாசலுக்கு வந்தாள். பிறகு, "நாளைக்குப் பிள்ளைங்க வரும். ஜெனெலுக்காக. நீ வாசல்ல நிக்காத," என்றாள்.

மறுநாள் வால்டா பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழைய புத்தகங்களைப் புரட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு நிறைந்திருந்தது. ஜெனெல் ஊர்ப் பேச்சிலேயே கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஐவியின் பேத்தி கத்தி விடை சொன்னாள். வால்டா காகிதத்தை வெட்டி, ஓரத்தில் பசை தடவி, ஒரு முகத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.