தூணுக்குள் போகும் வயர்

போத்தல் தண்ணீரைச் சரித்து, சவர்க்காரம் போட்டு, நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்து கைகழுவுகிறார் கிளறிற்றா. முழங்கை வரைக்கும் கழுவுகிறார். பிறகு நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சமைக்கப் போகிறவர் அல்ல, என் காருக்குள் ஏறப் போகிறவர். “கூரைத் துணி வெளிர் சாம்பல், தம்பி. ஒருக்கா ஊத்தை விரல் பட்டா, நீங்கள் காரை விக்கிற வரைக்கும் அந்த விரல் அங்கதான் இருக்கும்” என்கிறார்.

கார்களில் றேடியோ அன்ரெனா பூட்டுவது அவருடைய தொழில். பழைய கார்களில் டிஜிட்டல் றேடியோ எடுபடாது. புதிதாக ஒரு றேடியோவும் அதற்கென்று ஓர் அன்ரெனாவும் வைக்க வேண்டும். என்னைப் போலப் பலரும் “சற்றலைற் அன்ரெனா பூட்டுவீங்களோ” என்று கேட்டுத்தான் அவருக்குப் போன் எடுக்கிறார்கள். அவர் கிழக்கே கையை நீட்டுகிறார். “ஆகாயத்தில இருந்து ஒண்டும் வாறேல்லை. அந்தா, கிறிஸ்டல் பலஸ் ஒலிபரப்புக் கோபுரத்தில இருந்துதான் வருது. எந்தப் பேரெண்டாலும் சொல்லுங்கோ. வயர் தெரியாமப் பூட்டுறதுதான் என்ர வேலை.”

மன்னாரில் பிறந்தவர். வயது ஐம்பத்து மூன்று. லண்டனுக்கு வந்த புதிதில் ஹவுன்ஸ்லோவில் டாக்சிகளுக்குச் சீற் தைக்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்து, பதினொரு வருடம் தைத்தார். சீற்றுகளைக் கழற்றினார், கூரைத் துணி மாற்றினார், கதவின் உட்பலகைகளைப் பிரித்தார். காரின் உள்பக்கம் அவருக்குச் சட்டையின் உள்பக்கம் மாதிரிப் பழகிப்போனது. பக்கத்துக் கடையில் றேடியோ பூட்டுகிறவர்கள் வயரைக் கதவு இடுக்கால் இழுத்து, தேப் ஒட்டி விடுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கோபம் வந்ததாம். தையல் பட்டறை மூடியதும் ஒரு சின்ன வான் வண்டி வாங்கிக்கொண்டு தானே அந்தத் தொழிலில் இறங்கிவிட்டார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் அவர் கணவர் கஸ்பரின் காரில் மட்டும் இன்னும் பழைய றேடியோதான். “அவர் வரிசையில நிக்கிறார்” என்கிறார் கிளறிற்றா.

வேலை செய்யும்போது பேச்சுக் குறைவு. முன்கண்ணாடியின் இடது மேல் மூலையை ஸ்பிரிற்றால் மூன்று தரம் துடைக்கிறார். விரல் நீள மெல்லிய படலம் ஒன்றை அதில் ஒட்டுகிறார். அதுதான் அன்ரெனா. அங்கிருந்து வயர் கூரையைத் தாங்கும் தூணின் உறைக்குள் நுழைந்து, கீழே இறங்கி, றேடியோவின் பின்னால் போய்ச் சேர வேண்டும். உறையைச் சின்னப் பிளாஸ்ரிக் கிளிப்புகள் தூணோடு பிடித்திருக்கும். அவற்றை நெம்பித் திறக்கத் தட்டையான பிளாஸ்ரிக் கருவி ஒன்று வைத்திருக்கிறார். அவர் அதற்கு இட்ட பெயர் அகப்பை.

அந்தத் தூணுக்குள் எயர்பாக் ஒன்று சுருண்டு படுத்திருக்கிறது. கார் மோதினால் அது உறையைத் தள்ளிக்கொண்டு விரிந்து, பக்கத்தில் இருப்பவரின் தலையைக் காக்கும். ஆகவே வயர் எயர்பாக்கின் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போனால் அது விரிகிற வழியை மறிக்கும். உறையைத் தொடுவதற்கு முன் கிளறிற்றா பற்றரியைக் கழற்றிவிட்டு, மிச்ச மின்சாரத்தில் எயர்பாக் தவறி விரியாதபடி பத்து நிமிடம் வெளியே நிற்கிறார், யாரையும் உள்ளே இருக்க விடுவதில்லை. எல்லாம் முடிந்து உறையை மூடுவதற்கு முன், வயர் போன வழிக்குச் சாட்சியாகப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்.

போன சனிக்கிழமை காலை, கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டு வாசலில், அப்படித்தான் என் காரின் தூணைப் படம் எடுத்தார். எடுத்தவர் போனைக் கீழே வைக்கவில்லை. விரலால் ஒரு தரம் தள்ளினார், திரும்பவும் தள்ளினார். பிறகு காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றார்.

என்ன என்று கேட்டேன். முந்தின நாள் செய்த காரின் படம் இல்லை என்றார்.

அந்தக் கார் ஸ்ட்ரெதத்தில் இருக்கும் சயந்தினி என்ற நர்சுடையது. தூணைத் திறந்து வைத்திருந்தபோது மழை கொட்டத் தொடங்கியிருக்கிறது. சீற் நனையக்கூடாதென்று கிளறிற்றா அவசரமாக மூடியிருக்கிறார். “வயரைக் கையில பிடிச்சிருந்தது ஞாபகம் இருக்கு. கதவைச் சாத்தினது ஞாபகம் இருக்கு. நடுவில என்ர கை என்ன செய்ததெண்டு தெரியேல்லை, தம்பி.”

சரியாகத்தான் செய்திருப்பீர்கள், இத்தனை வருடப் பழக்கம் என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை. சயந்தினி இன்று இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பர்மிங்காமுக்குத் தமக்கை வீட்டுக்குப் போகிறார் என்றும், அந்த நீண்ட ஓட்டத்துக்காகத்தான் றேடியோவே பூட்டினார் என்றும் சொன்னார். சயந்தினிக்குப் போன் எடுத்தார். மணி அடித்து அடித்து நின்றது.

தூணைத் திறந்தபடியே விட்டு, என் காரைப் பூட்டிவிட்டு அவருடைய வானில் கிளம்பினோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்து அழைத்துக்கொண்டே வந்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. பயணம் தொடங்கியிருந்தால் எடுக்க மாட்டார்தானே என்று நினைத்தேன், சொல்லவில்லை. அவ்வளவு பதற்றத்திலும் கிளறிற்றா இருபது மைல் வேகத்தைத் தாண்டவில்லை. றூற்றிங்கில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஸ்ரியரிங்கில் பெருவிரலால் தட்டிக்கொண்டு நின்றார்.

அவர் முகத்தைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சிக்னல் சரியாக வருகிறதா பார்க்க வந்தோம் என்று சொல்லித் திறந்து பார்க்கலாமே என்றேன். அவர் வீதியைப் பார்த்தபடியே பதில் சொன்னார். “பிழை நான் விட்டது. பிள்ளையளை ஏத்திக்கொண்டு ஓடுறது அவ. அவவுக்குத் தெரியத்தானே வேணும்.”

சயந்தினியின் வீதிக்குள் திரும்பியபோது வீட்டு வாசலில் கார் தெரியவில்லை. கிளறிற்றா வானை நடு வீதியில் நிறுத்திவிட்டார். பிறகுதான், முன்னால் நின்ற தளபாட லொறி நகர, அதன் மறைவில் ஒரு நீலக் கார் பின்கதவு திறந்தபடி நிற்பது தெரிந்தது. அவர் விட்ட மூச்சில் கண்ணாடி பூத்துப்போனது.

சயந்தினி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். போன் மேல்மாடியில் சார்ஜில் இருக்கிறதாம். மூத்த மகள் தக்ஷிகா, பன்னிரண்டு வயதிருக்கும், முன்சீற்றில், அந்தத் தூணுக்கு அருகிலேயே ஏறி இருந்து பெல்ற்றும் போட்டுவிட்டாள். கிளறிற்றா முதலில் அவளை இறங்கச் சொன்னார். பிறகு தாயிடம் போய், நேற்றுத் தான் ஒரு பிழை விட்டிருக்கக் கூடும் என்றும், பார்க்காமல் காரை எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். குரல் தாழ்ந்திருந்ததே தவிர, சொல் தடுமாறவில்லை.

பற்றரியைக் கழற்றிய பிறகு அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அது போகவே இல்லை. பிள்ளைகள் படிக்கட்டில் இருந்து சிப்ஸ் சாப்பிட்டார்கள். சயந்தினி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிளறிற்றா வான் நிழலில் நின்று போனில் நேரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் முன்னதாகக்கூடத் தொடவில்லை.

உறை கழன்றதும் மூவரும் குனிந்து பார்த்தோம். எனக்கே விளங்கியது. கறுப்பு வயர் எயர்பாக்கின் மேலால் குறுக்கே ஓடியது. இறுக்கி ஒரு பிளாஸ்ரிக் கட்டும் போட்டிருந்தது.

கிளறிற்றா ஒதுங்கி, சயந்தினிக்கு இடம் விட்டார். “இதுதான், பிள்ளை. இது பின்னால போயிருக்க வேணும். இப்பிடி இருந்தா பை ஒழுங்கா விரியாது.”

சயந்தினி குனிந்தபடியே அந்த வயரைப் பார்த்தார். நேற்றுப் பின்னேரம் மழைக்குள் பிள்ளைகளை இதே காரில் நீச்சலுக்குக் கூட்டிப்போனதாகப் பிறகு சொன்னார், எங்களுக்குச் சொல்வது போலவும் இல்லை. தக்ஷிகா எழுந்து வர, அவளுடைய தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவும் செய்தார், இதையெல்லாம் நேற்றே பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டார். ஓம் என்றார் கிளறிற்றா. அதற்கு மேல் அவர் மழையைப் பற்றிப் பேசவில்லை.

கிளறிற்றா அந்தப் பிளாஸ்ரிக் கட்டை வெட்டினார். வயரை உருவி எடுத்து, எயர்பாக்கின் பின்பக்கமாக உலோகத்தோடு ஒட்ட ஓட்டி, பழைய வயர்க் கூட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். விரலை உள்ளே விட்டு மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். சயந்தினியையும் தடவிப் பார்க்கச் சொன்னார். நர்சின் கை, பதமாகத் தேடிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. கிளறிற்றா படம் எடுத்துச் சயந்தினியின் போனுக்கும் அனுப்பினார். புதுக் கிளிப் போட்டு உறையை அழுத்த, அது டக் என்று பொருந்தியது. பற்றரி பூட்டியதும் றேடியோவில் யாரோ ஒருவர் தமிழில் காலநிலை சொல்லிக்கொண்டிருந்தார். மாலை வரை மழை இல்லையாம்.

“நீங்கள் வராமலே விட்டிருக்கலாம், அக்கா” என்றார் சயந்தினி, கார்ச் சாவியைக் கையில் எடுத்தபடி. “எனக்குத் தெரிய வந்திராது.”

“வராம இருக்க ஏலாது, பிள்ளை.”

சயந்தினி சிரிக்கவில்லை. ஆனால் கிளறிற்றாவின் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டுத்தான் காரில் ஏறினார். தக்ஷிகா முன்சீற்றிலிருந்து கை காட்டினாள். நீலக் கார் வீதி முனையில் சிக்னல் போட்டு, நின்று, நிதானமாகத் திரும்பியது.

அது மறையும் வரை பார்த்து நின்ற கிளறிற்றா, அந்த வீட்டின் குட்டைச் செங்கல் மதிலில் தொப்பென்று இருந்தார். வலது சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினார். வெள்ளைப் பிளாஸ்ரிக் கிளிப் ஒன்று நிலத்தில் விழுந்தது. காலையில் என் காரின் தூணிலிருந்து கழன்று சப்பாத்துக்குள் விழுந்த கிளிப். கோலியர்ஸ் வுட்டிலிருந்து இவ்வளவு நேரமும் அதை மிதித்துக்கொண்டே நின்றிருக்கிறார். காலுறையை இறக்கிப் பார்த்தார். உள்ளங்காலில் அதன் தடம் சிவந்து ஆழமாகப் பதிந்திருந்தது. அதை இப்போதுதான் நோவதுபோல மெல்லத் தேய்த்துவிட்டுக்கொண்டே, மற்றக் கையால் கிளிப்பை எடுத்து, ஊதித் தூசு போக்கி, என் உள்ளங்கையில் வைத்தார்.