மகஜரில் ஒரு கையெழுத்து

யோகராஜுக்கு வயது நாற்பத்தொன்று. அதில் பத்தொன்பது வருடம் போடிமெட்டு மலைப்பாதையின் வளைவுகளில் கழிந்தது. சிலமலை ஊர்ப் பெண்களைக் காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப் போய் மாலையில் கொண்டுவந்து இறக்குவது அவன் பிழைப்பு. எட்டுப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் பதினேழு பேரை அடைத்துக்கொண்டு அலுங்காமல் இறக்கிவிடுவான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. காக்கிச் சட்டையைக் கண்டால் மட்டும் அந்தத் தலைக்கனம் எங்கே போய் ஒளியுமோ தெரியாது.

ஒரு மாலை போலீஸ்காரர்கள் ஜீப்பை மறித்தார்கள். தோட்டத்தில் ஏலக்காய் திருடு போவதாகப் புகார். யோகராஜ் இறங்கி, வண்டிக் காகிதங்களோடு முன்னால் நின்றான். பின்பக்கம் நடந்ததை அவன் பார்க்கவில்லை, பார்க்கப் பிரியப்படவும் இல்லை. சற்று நேரத்தில் ஏலக்காய் அடைத்த ஒரு பையைத் தூக்கி வந்தார்கள்; கூடவே ராக்குவையும். ஐம்பது வயதுக்காரி, புருசன் இல்லாதவள், அன்று கடைசியாக ஏறி ஓரத்தில் ஒண்டியிருந்தவள். பை அவள் காலடியில் இருந்ததாம். எடுத்ததை நேரில் பார்த்ததாக, அவர்கள் எழுதிய பறிமுதல் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவன் தயங்கினான். ஒருவர் ஜீப்பில் இருந்த தலைகளை நிதானமாக எண்ணத் தொடங்கினார். பர்மிட் போய்விடுமே என்று யோகராஜ் பேனாவை வாங்கினான். படிக்காமலே போட்டான்.

ராக்கு இருபத்தாறு நாள் சிறையில் இருந்தாள். ஜாமீனில் வந்த பிறகு ஜீப்பில் கூட வந்தவர்களில் ஒருத்தியும் அவளைப் பார்க்கப் போகவில்லை. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே நாளில் முடியும், வாய்தா வாய்தாவாக அலைய வேண்டாம் என்று ஊரில் பலரும் புத்தி சொன்னார்கள். மலைவேலைக்குப் போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கோர்ட்டுக்குப் போன நாள் கூலி போன நாள். இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் வித்யாதான் தடுத்தார். செய்யாததை ஒப்புக்கொள்ளாதீர்கள், நிரூபிக்க வேண்டியது அவர்கள் பாடு, நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் அதை வைத்து உங்களைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று விளக்கினார். ராக்கு குற்றத்தை மறுத்தாள். வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தது.

யோகராஜுக்குச் சம்மன் வந்தது. எழுதியிருப்பதை அப்படியே சொல்லிவிட்டுப் போ என்று போலீஸ்காரர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அரசு வக்கீல் மகஜரைக் காட்டியபோது, அது தன் கையெழுத்துதான் என்றான். அடுத்து குறுக்கு விசாரணைக்கு வித்யா எழுந்தார்.

“பையை எடுத்தப்போ நீங்க எங்க நின்னீங்க?”

ராக்கு கூண்டில் நின்றிருந்தாள். அவள் முறைத்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். தெரிந்த முகத்தைக் கண்ட ஆறுதலோடு பார்த்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“முன்னாடி நின்னேங்கம்மா. நான் எதையும் பாக்கல. போடச் சொன்னாங்க, போட்டேன்.”

உடனே அரசு வக்கீல் அவனைப் பிறழ்சாட்சியாக அறிவிக்கக் கோரினார். பொய்யில் இருந்தவரை நல்ல சாட்சி. உண்மையைச் சொன்னதும் பிறழ்சாட்சி.

அடுத்த மாதம் தீர்ப்பு. சந்தேகத்தின் பலனை அளித்து ராக்குவை விடுதலை செய்தார்கள். யோகராஜ் கோர்ட்டு வாசலில் காத்திருந்து மன்னிப்புக் கேட்டான்.

“தீர்ப்புலயும் சந்தேகம்னுதானப்பு வாசிச்சாக. கூட வந்த பொம்பளைக என்னயத் திருடின்னுதான நெனச்சிருப்பாக? இங்க சொன்னத அவுககிட்டயும் ஒருக்காச் சொல்லிரு. எனக்கு அது போதும்.”

மறுநாள் காலை ஜீப் நிறைந்ததும் அவன் சாவியைத் திருகவில்லை. திரும்பி உட்கார்ந்து, தான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை, ராக்கு நிரபராதி என்பதை ஒன்றுவிடாமல் சொன்னான். காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தான். முன்சீட்டில் இருந்த கருப்பம்மாள்தான் பேசினாள்.

“அவ ஏறுறதுக்கு முன்னாடியே அந்தப் பை அங்கதான் கெடந்துச்சு. எங்க எல்லாருக்கும் தெரியும். யாருதுன்னு மட்டும் கேக்காத அப்பு. வெரசா வண்டிய எடு.”

மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். அவர்களைத் திட்ட யோகராஜுக்கு என்ன யோக்கியதை இருந்தது? வண்டியை எடுத்தான்.

மாலையில் அவன் இறக்கிவிடும் இடத்திலேயே ராக்கு வந்து நின்றாள். பெண்கள் ஆளுக்கொரு பக்கமாக நழுவினார்கள். சொல்லிட்டியா என்று கேட்டாள். சொல்லிட்டேன்க்கா என்றான்.

“என்ன சொன்னாக?”

ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்திருந்தது. யோகராஜ் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.