டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

டாக்டர் சொன்னதை என் மகளிடம் நான் மாற்றிச் சொன்னேன். புரியாமல் அல்ல, தெரிந்தேதான் செய்தேன். என் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது பன்னிரண்டு. இடது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதிரில் நிற்பது அம்மாவா வேறு யாராவதா என்று அவளால் சொல்ல முடியாது.

கிட்டப்பார்வை அவளுக்கு ஐந்து வயதிலேயே தொடங்கியது. பள்ளி விடுமுறை வரும்போதெல்லாம் கண்ணாடி மாறும், ஒவ்வொரு முறையும் தடிமன் கூடும். எங்கள் குடியிருப்புக்கு எதிரே தேயிலை மலை. அதில் இயந்திரம் வைத்து இலை வெட்டும் ஆட்கள் அவளுக்குத் தெரியவில்லை என்று ஒருநாள் சொன்னாள். அதன் பிறகுதான் மலைக்குக் கீழே ஈப்போ நகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் முதலில் மலாயில்தான் பேசினார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறி என் பக்கம் திரும்பிவிட்டார். என் மகளுக்கு ஆங்கிலம் தெரியாது, மலாய் நன்றாகவே வரும். ஆனால் நான் அவரைத் தடுக்கவில்லை. என்னோடு பேசுகிறார் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினார். இந்தக் கண் பின்பக்கமாக நீண்டுகொண்டே போகிறது, சுவர் மெலிகிறது என்றார். பின்னால் ஒரு பட்டையை வைத்துத் தைத்து அந்தச் சுவருக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும். பார்வை இதனால் திரும்பாது, கண்ணாடியும் போகாது. நீளுவதை நிறுத்தலாம், அவ்வளவுதான். அறுவையில் ஆபத்து உண்டு, ஆனால் இவளுக்குப் பவர் ஏறுகிற வேகத்தில் தள்ளிப்போடுவது அதைவிட ஆபத்து.

நான் ஒரு கேள்வி கேட்டேன். ஆக்ஸிஜன் உடம்பில் செய்கிற சேதத்தை உடம்பால் சமாளிக்க முடியாமல் போவதைப் பற்றி எங்கோ படித்திருந்தேன். கண் கெடுவதில் அதற்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். "இருக்கலாம், ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்" என்றார். "பழம், காய்கறி கொடுங்கள், நல்லதுதான். ஆனால் அது சுவரைத் தாங்கிப் பிடிக்காது."

"டாக்டரு என்னப்பா சொல்றாரு?" என்றாள் மகள்.

"சத்துக் கொறைவாம்மா. கீரை, பழம், பச்சைத் தேயிலைத் தண்ணி குடுக்கலாம். ஒரு வருஷம் பாத்துட்டு ஆபரேசனப் பத்தி யோசிக்கலாம்னு சொல்றாரு."

அவள் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். தமிழ் தெரியாத அந்த மனிதர் தலையாட்டினார். சம்மதமா என்று என்னைக் கேட்டார். யோசித்துச் சொல்வார்களாம் என்றேன். மூன்று மாதத்தில் திரும்பி வரச் சொன்ன கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் கண்ணாடிக் கடையில் பார்த்தால் போதும் என்று எழுதியிருப்பதாக மகளிடம் சொன்னேன்.

ஏன் செய்தேன்? பிள்ளையின் கண்ணில் கத்தி வைப்பதற்குப் பயந்தேன், அது உண்மை. அது மட்டும் என்றால் என்னை நானே மன்னித்திருப்பேன். முப்பத்தோராண்டு தேயிலைத் தொழிற்சாலையில் இலையைப் பக்குவம் பார்க்கிற வேலை எனக்கு. உருட்டிய இலையில் காற்றுப் பட்டதும் அது செம்பு நிறத்துக்கு மாறும். அந்த மாற்றத்தைச் செய்வது ஆக்ஸிஜன். எந்த நிமிடத்தில் சூடு காட்டி அதை நிறுத்த வேண்டும் என்பதை மூக்கிலேயே சொல்லிவிடுவேன். தோட்டத்துத் துரைகூட என்னைக் கேட்டுத்தான் அடுப்பை ஏற்றச் சொல்வார். பறித்த உடனே ஆவி காட்டினால் இலை பச்சையாகவே நின்றுவிடும். அந்தப் பச்சை இலையில் இருப்பது பிள்ளையின் கண்ணிலும் ஆக்ஸிஜனின் சேதத்தைத் தடுக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். கண்ணை வெட்டிப் பார்த்துப் படித்த ஒருவர் அது போதாது என்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகும்.

கொழுந்தை நானே கிள்ளி வந்து இட்லிச் சட்டியில் அவித்துக் காயவைத்தேன். காலையும் மாலையும் ஒரு கோப்பை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். "ஆட்டுக் கொட்டாய் வாசம் வருது லா, தாத்தா" என்பாள். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லாரி ஓட்டும் மருமகன் வாரா வாரம் கீரைக் கட்டு கொண்டுவந்து போடுவார். "மாமா, இப்புடியே தின்னா இவளுக்குக் கொம்பு மொளைச்சிடும்" என்று சிரிப்பார். எல்லோரும் சிரித்தோம்.

பதினாலாவது மாதம். கண்ணுக்குள் கொசு பறக்கிறது என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான் அன்று ஒரு கோப்பை கூடுதலாகக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, பள்ளிக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று, இடது பக்கம் கறுப்புத் துணி தொங்குகிறது என்றாள். மருமகன் கோஸ் ஏற்றிய லாரியிலேயே எங்களை ஈப்போவுக்குக் கொண்டுபோனார்.

மெலிந்த சுவரின் மேல் விழித்திரை கிழிந்து பிரிந்திருந்தது. உடனே அறுவை செய்து ஒட்டினார்கள். நடுப்பகுதியின் பார்வை திரும்பவில்லை. அதே டாக்டர் என்னை நேராகப் பார்த்து, "உங்களிடம் நான் சொன்னேனே" என்றார், ஆங்கிலத்தில்.

"என்னப்பா சொல்றாரு?"

"கவலைப்படாதீங்கன்னு சொல்றாரு."

வலது கண்ணுக்குப் பட்டை வைக்க வேண்டும் என்று அவர் சொன்னதை அன்று சரியாகச் சொன்னேன். வைத்தார்கள்.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மன்னிப்பு வழங்கினார். மகளிடம் சொன்னீர்களா என்றும் கேட்டார். ஒரு சனிக்கிழமை காலை, அவள் சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். டாக்டர் சொன்னது, நான் சொன்னது, கடிதத்தில் இருந்தது, எல்லாவற்றையும்.

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்கே செஞ்சிருந்தா இந்தக் கண்ணு இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியாது."

"இது டாக்டரு சொல்றதா, நீங்க சொல்றதா?"



அடுத்த முறை ஈப்போவுக்குப் போனபோது, டாக்டரிடம் நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லி, அதையே மகளுக்குத் தமிழிலும் சொன்னேன். தமிழ் தெரிந்த தாதி ஒருவரையும் உள்ளே இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன், நான் மறுபடி மாற்றிவிடாமல் இருக்க. டாக்டர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு மலாயில், என் மகளிடம், இனி நேராக உங்களிடமே பேசுகிறேன் என்றார்.

பேத்தியிடமும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப அந்தத் தண்ணி சும்மாவா தாத்தா?"

"சும்மாதான்."

"நான் ஒருநாள்கூட கீழ ஊத்தல."

இப்போது மகள் டாக்டர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்கிறாள். மலாயில் அவளுக்குப் புரியாத மருத்துவச் சொல் ஏதாவது வந்தால், பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் பெண், கல்லூரியில் படிப்பவள், கேட்டு விளக்குகிறாள். மருத்துவமனையின் ஆங்கிலக் கடிதங்களும் அவளிடம்தான் போகின்றன. அதே வீட்டில்தான் நானும் இருக்கிறேன். என் மகள் எனக்குச் சோறு போடுகிறாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கிறாள், குரல் உயர்த்துவதில்லை. எதையும் வாசித்துச் சொல்லச் சொல்வதும் இல்லை.

போன வாரம் என்னையும் கூட்டிப் போனாள். உள்ளே யார் யார் வருகிறீர்கள் என்று தாதி கேட்டதற்கு, "நானும் மகளும். அப்பா வெளிய இருப்பாரு" என்றாள். நடையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்த பேத்தி, இடப்பக்கம் இருந்த என்னைத் தாண்டிப் போய், திரும்பி, வலது கண்ணால் தேடிக் கண்டுபிடித்தாள்.

"வலது நீளலையாம் தாத்தா. அப்படியே நிக்குதாம்."

  மகள் கைப்பேசியைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு, மலை ஏறும் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றாள்.