சிப்பித் தூள் போன பக்கம்

என் அக்கா புருஷனைத் தெருவில் 'ஓட்டைக்காரர்' என்றுதான் சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. கடல் சிப்பிகளில் பொடி ஓட்டை போட்டு, மாலையும் ஜன்னல் தோரணமும் விற்கிற கடைகளுக்குக் கொடுப்பதுதான் பிழைப்பு. முன்னறையே பட்டறை. மேஜைக்கு மேலே கொக்கியில் சின்ன மோட்டார் தொங்கும். அதிலிருந்து இறங்கும் வளைகுழாயின் நுனியில் ஊசி மாதிரி பிட் சுழலும். எதிரே கட்டிலில் அக்கா உட்கார்ந்து, ஓட்டை விழுந்த சிப்பிகளை நைலான் நூலில் கோப்பாள். இருபத்திரண்டு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசியே காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

"தண்ணியில முக்கி வெச்சுப் போடுங்க மாமா, தூள் பறக்காது" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். கேட்டால்தானே! பிட் மறுபக்கம் எட்டப்போகும்போது சிப்பியின் சத்தம் மெலியுமாம். அப்போது கையைத் தளர்த்தாவிட்டால் சிப்பி பிளந்துவிடுமாம். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் கேட்காதாம்.

"எனக்குக் காதுதான்டா எல்லாம்" என்பார்.

போன வருஷம் அக்காவுக்கு இருமல் பிடித்தது. விட்டபாடில்லை. நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. மாமா தவியாய்த் தவித்தார். மருந்துக்கடையில் அவர் வாங்காத சிரப் இல்லை. கடைசியில் நுரையீரல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன வேலை என்று கேட்டார். மாமா சொன்னார்.

"தூசி வருமா?"

"வரும் டாக்டர். ஆனா அது எனக்குத்தான். நான் மூக்கு வாயெல்லாம் துணி கட்டிக்குவேன். முதுகுக்குப் பின்னாடி ஃபேன் ஓடும், மூஞ்சிக்கு வராம தள்ளிவிட்டுடும்."

"எந்தப் பக்கம் தள்ளும்?"

மாமா மெதுவாக அக்காவைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேச மனசு வரவில்லை.

கெட்டது கெட்டதுதான், இனிமேல் துளித் தூசிகூட உள்ளே போகக்கூடாது என்றார் டாக்டரம்மா.

மறுநாளே மாமா முன்னறையைச் சுவர் விடாமல் ஈரத்துணியால் துடைத்தார். மோட்டாரைப் பின்கட்டுக்கு மாற்றி, தட்டில் தண்ணீர் ஊற்றிச் சிப்பியை முக்கினார். காது கைவிட்டுவிட்டது. ஒன்று மாற்றி ஒன்று உடைந்தது. பிட் வருவதைத் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அடியில் விரலை வைத்தார். விரல் கிழிந்து தண்ணீர் சிவந்தது. அக்கா பதறிக்கொண்டு வந்தாள்.

"என்னை விடு. உன்னை என்ன பண்ணி வெச்சிருக்கேன் பாரு" என்று மாமா குழந்தை மாதிரி அழுதார்.

"தெரிஞ்சா பண்ணீங்க?"

"எனக்குத்தான் புத்தியில்ல. உனக்குமா தெரியல?"

அக்கா அவர் விரலைத் தன் முந்தானையில் சுற்றி அழுத்திப் பிடித்தாள்.

"தெரியாம என்ன? தினம் தலையிலேர்ந்து வெள்ளை வெள்ளையாத் தட்டிவிட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஃபேனைத் திருப்பச் சொன்னா உங்க கண்ணுல விழுமேன்னு விட்டுட்டேன்."

எனக்கு அவளை ஓங்கி அறையவும் தோன்றியது, காலில் விழவும் தோன்றியது.