இடது காலை ஊன்றிய வளைவு

ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வலது காலை மடக்கித் தூக்கி, இடது காலில் மட்டும் கணக்கு டீச்சர் நின்ற அந்தக் காலை வேளை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. மலையகத்துப் பசறையில் அவருடைய வீட்டு முன்னறை. பாவாடையைச் சற்றே தூக்கிச் செருகியிருந்தார். முழங்காலின் நடுவே மேலிருந்து கீழாக ஓடிய தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. கம்பியைப் பிடித்த விரல்களை மெல்ல ஒவ்வொன்றாக விலக்கினார். கடைசி விரலும் விட்டதும் உடம்பு ஒரு முறை ஆடியது. பிறகு நின்றது. பிரார்த்தனை செய்கிறவர்களைப் போல அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, வகுப்பில் ஒரு பிள்ளையின் விடைக்காகக் காத்திருக்கும் முகத்தோடு நின்றார்.

"நிக்குது பாத்தீங்களா டீச்சர்?" என்றார் என்னிடம். "இந்தக் கால் தனியா நின்னுடுச்சின்னா பைக்ல ஏறிடலாம்."

கண்டியில் அந்த முழங்காலை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. வீட்டில் எல்லோரும் அவர் நடந்தால் போதும் என்று இருந்தார்கள். அவர் மட்டும் பைக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருவரும் ஒரே தோட்டப் பாடசாலையில் வேலை பார்த்தோம். அவர் கணிதம், நான் தமிழ். பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற வீதியில் ஒரு சந்தியில் பிரிந்து, தேயிலை மலைக்குள் ஏறிப் போனால், தோட்டத்தின் மேல் பிரிவில் எங்கள் பாடசாலை. சந்தி வரைக்கும்தான் பஸ். ஆட்டோக்காரர்கள் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோர் வரை வருவார்கள். அதற்கு மேல் பாதையைப் பார்த்தாலே திரும்பிவிடுவார்கள். அந்தப் பாதையில்தான் கணக்கு டீச்சர் தன் பைக்கில் வருடக்கணக்காக ஏறி இறங்கினார். பின்னால் நான். அவர் கால்சட்டை போட்டுக்கொண்டு வருவார். பாடசாலைக் களஞ்சிய அறையில் சேலை கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவார். ஆரம்பத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். நான் மாற்றலாகி வந்த காலத்தில் அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிப்போயிருந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் பைக் சத்தத்தைக் கேட்டு, நேரம் சரியாகத்தான் போகிறது என்று பேசிக்கொள்வார்கள்.

அவருடைய இடது முழங்கால் ஒரேயடியாகக் கெட்டுப்போகவில்லை. முதலில் கியர் மாற்றும்போது முகத்தைச் சுளித்தார். அப்புறம் மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்தார். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த முழங்காலில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு நாள் பாடசாலை வாசலில் பைக்கை நிறுத்தி இடது காலை ஊன்றியபோது அது மடங்கிவிட்டது. பைக்கோடு சரிந்து விழுந்தார். பெரிய அடி இல்லை. ஆனால் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே அவர் சொன்னது எனக்குள் தைத்தது. "வலி பெரிசில்ல டீச்சர். இனி இத நம்ப முடியாது, அதான்."

பைக்கில் போகிறவர்களுக்கு இடது கால் என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஏறும்போது உடம்பு முழுவதையும் தாங்கி நிற்பது அது. ஏற்றத்தில் நிறுத்தும்போது வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, நிலத்தில் ஊன்றுவதும் அதுதான். அது மடங்கினால் எல்லாம் மடங்கியதுதான்.

சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் கண்டிக்குப் போனபோது துணைக்கு நானும் போனேன். டொக்டர் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். நடக்கலாம், படி ஏறலாம், சம்மணம் கொட்டி உட்காரக்கூடாது, முழங்காலிடக்கூடாது. டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டார். டொக்டர் அவருடைய வயதையும் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். சதை பலப்பட்டு, தான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு ஓட்டலாம், ஆனால் விழக்கூடாது என்றார். விழுவதற்காக யாரும் பைக்கில் ஏறுவதில்லையே என்று டீச்சர் பதில் சொன்னார். டொக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற டீச்சரின் கணவர் சிரிக்கவில்லை.

அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மனைவி பைக் ஓட்டுவதை அவர் ஒரு நாளும் தடுத்ததில்லை. ஒரு நாளும் அதில் ஏறியதும் இல்லை. பாடசாலை வாசலில் டீச்சர் பைக்கோடு விழுந்த செய்தியைக் கேட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது என்று டீச்சரே சொன்னார். டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், அண்ணன் யாரிடமும் சொல்லாமல் பைக்கைப் பதுளையில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

டீச்சர் வீடு திரும்பிய அன்று நானும் கூட இருந்தேன். ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றவர் முதலில் பார்த்தது பைக் நிற்கும் இடத்தைத்தான். எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அண்ணன் உள்ளே போய்த் தேநீர் வைக்கத் தொடங்கிவிட்டார். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான் பேச்சு வந்ததாம். வலயக் கல்விக் கந்தோரில் பேசிவிட்டதாகவும், மருத்துவக் காரணம் சொன்னால் பசறை நகரத்துப் பாடசாலையிலேயே இடம் தருவார்கள் என்றும், ஓய்வு பெற மிச்சமிருக்கும் காலத்தை நடந்துபோய் நடந்துவந்தே கழித்துவிடலாம் என்றும் அண்ணன் சொல்லியிருக்கிறார். நியாயமான யோசனைதான். டீச்சருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றே சம்மதித்திருப்பேன்.

ஆனால் அந்த வருடம்தான் எங்கள் பாடசாலையில் முதன்முதலாகப் பதினோராம் தரம் வந்திருந்தது. அதற்கு முன் பிள்ளைகள் ஒன்பதாம் தரத்தோடு நகரத்துக்குப் போக வேண்டும்; பஸ் செலவையும் தூரத்தையும் பார்த்துப் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள். மேல் வகுப்புகள் வேண்டும் என்று காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்கியவர் கணக்கு டீச்சர். அவர் போய்விட்டால் அந்த மலைக்குக் கணிதம் படிப்பிக்க இன்னொருவர் வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் லீவில் இருந்த மாதங்களில் அந்தப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் மலையிலிருந்து இறங்கி அவருடைய வீட்டுக்கே வந்தார்கள். ஒரு நாற்காலியில் அவரும் இன்னொரு நாற்காலியில் அவருடைய காலுமாக வகுப்பு நடக்கும். குதிகாலுக்கு அடியில் துவாயைச் சுருட்டி வைத்து, முழங்காலை அழுத்தி நிமிர்த்தும் பயிற்சியைச் செய்துகொண்டே அவர் கேள்வி கேட்பார். சில நேரம் வலியில் குரல் நின்றுவிடும். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு கணக்கைப் பார்ப்பதுபோல் இருப்பார்கள். மூச்சு சீரானதும், "எங்க விட்டோம்?" என்று தொடருவார்.

தனியாக அந்தக் கால் நிற்கத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொன்னார். இருவரும் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனோம். அவருடைய கொழுந்தனார் வீடு நகரத்துக்கு வெளியே ஒரு சரிவில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அந்த மனிதர் பதறிப்போனார். பின்பக்கத்தில் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக் கிடந்தது பைக். சீட்டுக்கு மேலே விரிப்பில் ஒரு கோழி முட்டையிட்டிருந்தது. டீச்சர் முட்டையை எடுத்துக் கொழுந்தனாரின் மனைவியிடம் கொடுத்துவிட்டு, பைக்கைப் பசறையில் கொண்டுவந்து விடச் சொன்னார். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்று கொழுந்தனார் இழுத்தார்.

"கேளுங்க தம்பி, வேணாங்கல," என்றார் டீச்சர். "ஆனா அவருகிட்ட இதையும் சொல்லுங்க. அந்த மனுசன் பயந்துகிட்டுத்தான் செஞ்சாரு. எனக்குக் கோவம் இல்ல. ஆனா அவரு பயத்துக்கு நா வீட்ல உக்கார முடியாது."

அடுத்த நாள் மாலையே பைக் வந்து சேர்ந்தது. அண்ணன் வாசலுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு டீச்சர் அவசரப்படவில்லை. கண்டிக்குப் போய் டொக்டரிடம் காலைக் காட்டினார். அவர் மடக்கிப் பார்த்து, நிற்கச் சொல்லிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகும் பல நாள் டீச்சர் பைக்கை வாசலில் ஸ்டாண்டில் நிறுத்தியபடியே ஏறி இறங்கினார். எஞ்சினை அணைத்து வைத்துக்கொண்டே கியரை மாற்றிப் பார்த்தார். கால் மடங்கும் அளவு முன்பைவிடக் குறைவு என்பதால் கியர் மிதியைச் சற்று இறக்கி வைத்துத் தரும்படி கராஜில் சொல்லி மாற்றிக்கொண்டார். விளையாட்டு மைதானத்தில் சுற்றினார். பிறகு சந்தி வரை போய்வந்தார். மலை ஏற வேண்டிய நாள் வந்தபோது, நான் பின்னால் உட்கார்ந்து வருவதாகச் சொன்னேன். எனக்கும் பயம்தான். ஆனால் அவர் தனியாக ஏறுவதை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது. அன்று மட்டும் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொன்னார். சேலையில் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் என் பாரம் முழுவதும் இடது பக்கம் சாயும் அல்லவா.

ஸ்டோரைத் தாண்டினோம். அதற்கு மேல் ஒரு கொண்டை வளைவு. ஒரு பக்கம் மண் திட்டு, மறு பக்கம் தேயிலைச் சரிவு. வளைவில் பாதி ஏறியபோது மேலிருந்து கொழுந்து லொறி இறங்கிவந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்கு வராத லொறி. ஒதுங்க இடமில்லை. டீச்சர் பைக்கை நிறுத்தி இடது காலை ஊன்றினார். அந்த இடம் முழுவதும் உருண்டை உருண்டையாகச் சரளைக் கல். செருப்பு வழுக்கியது. பைக் இடப்பக்கம் சாய்ந்தது. குதித்துவிடலாம் என்று எழும்பப் பார்த்தேன்.

"எறங்காதீங்க டீச்சர். ஆடாம இருங்க." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவருடைய தோளைப் பிடித்திருந்தேன். கீழே அந்தக் கால் கல்லைத் தள்ளித் தள்ளி மண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் அது நின்றது. சாய்ந்த பைக் அங்கேயே நின்றது. பிறகு, நம்பவே முடியாதபடி, மெதுவாக நிமிர்ந்தது. லொறி எங்களை உரசுவதுபோல் இறங்கிப் போனது. சாரதி தலையை வெளியே நீட்டி, டீச்சரைக் கண்டதும், எப்ப வந்தீங்க என்று விசாரித்துவிட்டுப் போனார்.

டீச்சர் உடனே கிளம்பவில்லை. ஹெல்மட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூச்சை இழுத்து விட்டார். "பழைய முட்டியா இருந்திருந்தா இப்ப தேயிலைக்குள்ள கெடந்திருப்போம்," என்றார். அந்த ஏற்றத்திலேயே பைக்கைக் கிளப்பி, வளைவைத் தாண்டினார். அன்று அவர் வகுப்புக்குப் போனபோது பதினோராம் தரத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றவர்கள் உட்கார மறந்துவிட்டார்கள்.

மாலையில் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எப்படிப் போனது என்று கேட்டார். மறைக்க மனம் வரவில்லை. லொறி வந்ததையும் கல் வழுக்கியதையும் சொன்னேன். எந்த வளைவு என்று மட்டும் கேட்டார். அந்த வார இறுதியில் அவர் மண்வெட்டியோடு மலை ஏறிப் போய், தோட்டத்து ஆள் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, வளைவில் கிடந்த சரளையையெல்லாம் ஓரத்துக்கு வழித்துத் தள்ளியிருக்கிறார். அவர் எங்களிடம் சொல்லவில்லை. கொழுந்துக்காரப் பெண்கள் சொல்லித்தான் டீச்சருக்குத் தெரியும். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது அந்த வளைவில் பைக்கை நிறுத்தி, துப்புரவாகக் கிடந்த மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாதாரண தரப் பரீட்சையில் அந்த முதல் தொகுதியில் எல்லோரும் சித்தியடைந்தார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கணிதத்தில் பாதிக்கு மேல் சித்தி. அவர்களில் ஒரு பெண் இப்போது பதுளையில் தாதிமார் பயிற்சியில் இருக்கிறாள். டீச்சர் அந்தப் பாடசாலையிலிருந்தேதான் ஓய்வு பெற்றார். பிரியாவிடைக் கூட்டத்தில் எல்லோரும் பைக்கைப் பற்றியே பேசினார்கள். அவர் எழுந்து, தான் கணிதமும் படிப்பித்ததாக நினைவுபடுத்தினார். ஓய்வுக்குப் பிறகும் சனிக்கிழமை வகுப்புக்கு மலை ஏறுவதை அவர் நிறுத்தவில்லை. பாதைக்கு இப்போது கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். ஆட்டோ பாடசாலை வாசல் வரை வருகிறது. நான் அதில்தான் போகிறேன். சில நாட்களில் அவர் என்னை முந்திக்கொண்டு போவார், திரும்பியும் பார்க்கமாட்டார்.

இந்த வருடம் அவருடைய வலது முழங்காலின் முறை வந்தது. போன மாதம் மூவருமாகக் கண்டிக்குப் போனோம். அதே டொக்டர், தலை இப்போது நரைத்திருக்கிறது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதையும் மாற்றிவிடலாம் என்றார். சம்மணம் கூடாது, முழங்காலிடக்கூடாது என்று பழையபடி சொல்லிக்கொண்டு வந்தார். டீச்சர் வாயைத் திறக்கும் முன், அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இவர் மறுபடி பைக் ஓட்ட எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.