கதவுக்குப் பின்னால் ஒரு வாள் சண்டை

எங்கள் அபார்ட்மென்ட்டில் புத்தகப் பிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. போன மாதம் ‘கொத்தளத்து வாள்’ நாவலை எடுத்துக்கொண்டார்கள். அறுபதுகளில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்த சரித்திர மர்மக் கதை. வாள் வித்தை சொல்லிக்கொடுக்கும் ஆசான் ஒருவர் கோட்டைக்குள்ளேயே வெட்டுப்பட்டுக் கிடக்கிறார். வெட்டியது யார்? இதுதான் கதை. இப்போது புது அட்டை போட்டு மறுபடி வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அபிப்பிராயங்கள் வந்து விழ ஆரம்பித்தன.

‘வாள் சண்டை எல்லாம் சூப்பர். முடிவு மகா சொதப்பல்.’

‘கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு இரட்டைப் பிறவித் தம்பியா? நல்லா காதுல பூ சுத்தறாங்க!’

மூன்றாவது மாடி ஐ.டி. பெண் ஒரே வரியில் முடித்துவிட்டாள். ‘ஒரு ஸ்டார். அதுவும் அட்டைப்படத்துக்கு.’ கையோடு என்னையும் இழுத்தாள். ‘ஆன்ட்டி, நீங்க இதை அப்பவே படிச்சிருப்பீங்களே... உங்க கருத்து?’

படித்திருப்பேனாவா? நான் படித்ததைத்தான் அந்தக் காலத்தில் ஒரு கடைத்தெருவே உட்கார்ந்து கேட்டது!

செஞ்சிக்குக் கல்யாணமாகி வந்த புதிது. நான் பக்கத்து அனந்தபுரத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். என் மாமனாருக்குக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. கடப்பாரை, மண்வெட்டி, கிணற்று ராட்டினம், ஆணி... முன்னால் கடை, பின்னால் வீடு. நடுவில் ஒரு கதவு.

அந்தக் கதவுதான் எனக்கு எல்லை. மருமகள் மாமனார் எதிரில் வந்து நிற்கக் கூடாது, பேசக் கூடாது. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் எல்லோரும் கடைப்பிடித்தார்கள்.

மாமாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் என்றால் பயம். ஆனால் பத்திரிகை இல்லாமல் அவரால் இருக்க முடியாது. என் கணவரைப் படிக்கச் சொன்னால், கொலை நடக்கிற இடத்தைக்கூடக் கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல வாசிப்பார். பாவம், ஆணி எடை போடும் மனுஷனுக்கு வாள் வீச்சு எப்படி வரும்?

கடைசியில் மாமாவே ஒரு வழி கண்டுபிடித்தார். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று படிக்கட்டும். எதிரில் நிற்கக் கூடாது, பேசக் கூடாது என்பதுதானே வழக்கம்... படிக்கக் கூடாது என்று இல்லையே!

வாரா வாரம் திண்டிவனம் பஸ்ஸில் பத்திரிகை வந்து இறங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஈ ஓட்டுகிற நேரம். எதிர்க் கடையில் துணி விற்கும் கோவிந்தசாமி முதல் ஆளாக வந்துவிடுவார். அப்புறம் ஒவ்வொருவராக வந்து ஆணி மூட்டைகள் மேல் இடம் பிடிப்பார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நான். என் காலடியில் மல்லாட்டை உரித்துக்கொண்டு மாமியார். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

கதை எந்தக் கோட்டையில் நடக்கிறது என்று எழுதியவர் சொல்லவேயில்லை. செஞ்சிக்காரர்களிடம் அதெல்லாம் நடக்குமா? “நம்ம கோட்டதான்” என்று முதல் வாரமே தீர்ப்பாகிவிட்டது.

ஆசான் இறந்து கிடந்தது களஞ்சியத்துப் படிக்கட்டில். கதாநாயகன் இடக்கைக்காரன். அவ்வளவு குறுகலான படியில் இடது கையால் வாளை வீச முடியுமா, முடியாதா? கடைத்தெரு இரண்டாகப் பிரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிந்தசாமியும் என் கணவரும் துணி அளக்கிற கஜக்கோலை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு கோட்டைக்கே போய் வெட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள்! முடியும் என்று தெரிந்தது. கோவிந்தசாமி கால் பிசகிக்கொண்டு ஒரு வாரம் நொண்டி நொண்டித் துணி அளந்தார்.

எல்லோருக்கும் அது பொழுதுபோக்கு. எனக்கு?

எனக்கு டீச்சராக வேண்டும். அந்த வருஷமே டீச்சர் ட்ரெய்னிங் சேர்ந்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கணவரிடம் சொன்னேன். அவர் விழித்தார்.

“நைனா கிட்ட எப்டி கேக்கறது? நீ ஹாஸ்டலுக்குப் போய்ட்டா அவுருக்கு யாரு படிச்சிக் காட்றது? தொடர் முடியட்டும், பாக்கலாம்.”

வேடிக்கையைப் பார்த்தீர்களா? நான் நன்றாகப் படித்ததுதான் என் படிப்புக்குக் குறுக்கே நின்றது. இந்தத் தொடர் முடிந்தால் அடுத்த தொடர் ஆரம்பித்துவிடும். பத்திரிகைக்காரர்கள் என்ன, எனக்காக நிறுத்தப்போகிறார்களா?

இப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது.

அந்த வாரம், ஆசானின் உடலைப் பட்டுத்துணியால் மூடி வைத்திருக்கிறார்கள். கோட்டை வைத்தியர் வருகிறார். எட்ட நின்றபடியே, “இது இடக்கை வீச்சு” என்கிறார். கோட்டையில் இடக்கையால் வாள் வீசுகிறவன் கதாநாயகன் ஒருவன்தான். வீரர்கள் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அப்புறம்தான் வைத்தியர் குனிந்து துணியை விலக்குகிறார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மாமியார் பக்கம் குனிந்து, “துணியை விலக்குவதற்கு முன்பே வைத்தியருக்கு எப்படித் தெரிந்தது?” என்றேன்.

அத்தையிடம் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. ஆனால் கதை படித்துப் படித்துப் பழகிய தொண்டை... அதே புத்தகத் தமிழில், அதே ஏற்ற இறக்கத்தோடு கணீரென்று வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு நான் குனிந்தது தெரியுமா, கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுத்தது தெரியுமா? கதை எழுதியவரே கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

“அடேங்கப்பா! எப்டி போடறான் பாரு ஒரு வெடி!” என்று மாமா தொடையைத் தட்டினார்.

அவ்வளவுதான். ஒரு வாரம் முழுக்கச் செஞ்சி கடைத்தெருவில் அதே பேச்சு. கொன்றது வைத்தியர்தான் என்று ‘வைத்தியர் கட்சி’ ஒன்று கிளம்பியது.

கோவிந்தசாமி, கதாநாயகன்தான் கொன்றான் என்கிற இடக்கைக் கட்சி. அந்த வரியைத் திரும்பப் படித்து மடக்கலாம் என்று பத்திரிகையை வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் மதியம் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது புயலாக வந்தார்.

“அண்ணே, பொஸ்தகத்துல அந்த வரியே இல்ல!”

“இன்னாடா சொல்றே?”

“மூணு தபா தேடிட்டேன். இல்லவே இல்ல!”

என் காலடியில் மல்லாட்டை உடைபடும் சத்தம் நின்றது. மாமா கதவுப் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா... அந்த வரிய யாரு சொன்னது?”

நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமா என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. மாமனார் எதிரில் பேசியதும் இல்லாமல், அந்நிய ஆண்கள் கூடிய இடத்தில் சொந்த அபிப்பிராயம் வேறு! ட்ரெய்னிங் போயே போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

“நான்தான் மாமா. அத்த கிட்ட சொன்னேன். படிக்கற குரல்லயே வந்துட்ச்சி.”

மாமா மெல்லச் செருமினார்.

“சரி, சொன்னதுதான் சொன்னே, மிச்சத்தையும் சொல்லு. வைத்தியன் எதுக்கு ஆசானக் கொல்லணும்?”

சொன்னேன். மெதுவாக ஆரம்பித்தேன், நடுவில் கதை படிக்கிற கணீர்க் குரல் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் கதை முடிந்த கையோடு மாமா கேட்பார்: “மருமவ இன்னா சொல்லுது?” கடைத்தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

கடைசி வாரமும் வந்தது. படித்தேன். கொலைகாரன்... கதாநாயகனுடைய இரட்டைப் பிறவித் தம்பி! அதுவரை ஒரு வரியில்கூடத் தலை காட்டாத தம்பி!

“தம்பியா? எந்தத் தம்பி?” என்று கோவிந்தசாமி அலறினார். “இத்தினி நாளு எங்கடா இருந்தான் அவன்?”

மாமாவுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. “பேப்பர் பேனா எடும்மா, எழுது. ஐயா, தாங்கள் செய்தது அநியாயம். கொன்றது வைத்தியர்தான். செஞ்சி கடைத்தெரு முழுக்க இதற்குச் சாட்சி...”

எழுதினேன். ‘இப்படிக்கு’ என்று போட்டு அவர் பெயரை எழுதப் போனேன்.

“என் பேரு எதுக்கு? கண்டுபுடிச்சது நீ. உன் பேர எழுது.”

என் பெயரை எழுதினேன். அந்தத் தைரியம் ஆறுவதற்குள், கடிதத்தோடு கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். “ஐயய்யோ” என்று பின்னால் மாமியார் பதறினார். கடையில் என் கணவர் தராசைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“மாமா, எனக்கு டீச்சர் ட்ரெய்னிங் போவணும்னு ஆச.”

மாமா புரை விழுந்த கண்ணால் என் முகம் இருக்கும் திசையைப் பார்த்தார். “நீ போய்ட்டா எனக்கு யாரும்மா படிச்சிக் காட்றது?”

அவரே கையை உதறினார்.

“இனிமே இன்னாத்த படிக்கறது? தம்பியாம்... தம்பி! இவனுங்க கதைய எவன் கேப்பான்? போய்ட்டு வாம்மா. லீவுக்கு வர்றப்ப பேப்பர் படிச்சிக் காட்டு, போதும்.”

எங்கள் கடிதத்தைப் பத்திரிகையில் போடவில்லை. போடுவார்களா பின்னே? ஆனால் நான் டீச்சரானேன். ரிட்டயர் ஆகும்வரை எந்தக் கதவுக்கும் பின்னால் நிற்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். அந்த எழுத்தாளர் மட்டும் அன்றைக்கு ஒழுங்காக முடித்திருந்தால்? மாமா குஷியாகி அடுத்த தொடருக்கும் என்னை உட்கார வைத்திருப்பார். அதற்கடுத்த தொடருக்கும்...

குரூப்பில் என் கருத்தைப் பதிவு செய்தேன். ‘கதைக்கு மூன்று ஸ்டார். முடிவுக்கு மட்டும் ஐந்து.’

மூன்றாவது மாடிப் பெண் வரிசையாகக் கேள்விக்குறி அனுப்பியிருக்கிறாள். கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்.

‘ஆனால் கொன்றது வைத்தியர்தான்!’