யோகராணி பார்த்த மயிரிழை

இரும்புக் கதவைச் சடாரென்று இழுத்துவிட்டு, பட்டப்பகலில் பட்டறையை இருட்டாக்குகிறார் யோகராணி. இரும்பு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை அதன் நிறம்தான் சொல்லுமாம். வெளிச்சத்தில் அந்த நிறம் பொய் சொல்லுமாம். “லைற்றைப் போட்டீங்களெண்டால் நான் கொலைகாரிதான்” என்று என்னை முன்கூட்டியே எச்சரித்தார். சொல்பவர் கையில் சம்மட்டி இருந்ததால் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

வயது ஐம்பத்திரண்டு, ஊர் மன்னார். புலம்பெயர்ந்து வந்த செவன் ஹில்ஸில், கார்க் கண்ணாடி மாற்றும் கடைக்குப் பக்கத்தில் பட்டறை. சமையல் கத்தி செய்துதான் சீவியம். எப்போதாவது ஜப்பானிய முறையில் ஒரு வாள். ஆம், வாள்! ஞாயிறு பூசையில் முன்வாங்கில் இருந்து பாடுகிற அன்ரி வாள் அடிக்கிறார் என்று கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. இரண்டு குளிர்காலம் ஜப்பானுக்குப் போய் ஒரு கொல்லரிடம் தொழில் பழகியவர். அந்தக் கொல்லர் இவரைவிட ஒன்பது வயது இளையவர்.

மணிக்கூடு பார்க்கும் பழக்கம் கிடையாது. உலையில் இரும்பு இருக்கும் நேரத்தை ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லித்தான் அளக்கிறார். இடையில் நான் ஏதோ கேட்டுவிட்டேன். “எத்தினையாவது மரியே எண்டு மறந்துபோச்சு, கதைக்காதேங்கோ!” என்று விழுந்தது ஏச்சு.

அந்தக் கொல்லர் கொடுத்தனுப்பிய உருக்கு ஒரு பிஸ்கற் டின்னில் இருந்தது. கறுத்த இரும்பு மணலைக் கரியோடு சேர்த்து நாட்கணக்கில் எரித்து எடுப்பது, பெயர் தமஹகானே. பார்த்தால் கரடுமுரடான கசடு. இதற்கா இந்தப் பவுசு என்று நினைத்தேன். மூன்று மாதம் அதைத் தட்டி, மடித்து, மறுபடி தட்டி டின் காலியாகிவிட்டது. கிடைத்தது ஒரே ஒரு வாள். இனி அந்த உருக்குக் கிடைக்காது. முதன்முறையாகத் தன் பெயரை வெட்டப்போகிற வாள் என்று பிடிப்பக்கத்தை எனக்குத் தடவிக் காட்டினார்.

நான் போனது அதைத் தண்ணீரில் தோய்க்கும் நாள். வாளின் முதுகில் தடிப்பாகவும் கூர்ப்பக்கம் மெல்லிதாகவும் களிமண் பூசியிருந்தார்.

“எண்ணெயிலை தோய்ச்சால் வெடிக்குமெண்டு இவ்வளவு பயமில்லை” என்றார்.

“பிறகேன் தண்ணி?”

“ஜப்பானிலை அவையள் தண்ணியிலைதான். நானும் அப்பிடித்தான் பழகினனான்.”

சிவந்த வாள் தண்ணீருக்குள் சீறிக்கொண்டு போனது. எனக்குச் சீறல் மட்டும்தான் கேட்டது. யோகராணியின் முகம் செத்துப்போனது. “ஒரு சின்னச் சத்தம் கேட்டதே?” என்றார். இல்லை என்றேன். நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

மூன்றாம் நாள் நான் மறுபடி போயிருந்தபோது, வாளுக்குச் சொல்லி வைத்திருந்த சுதர்சன் வந்தார். தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை, மாலையில் ஜப்பானிய வாள்வீச்சுப் பயிற்சி. மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருக்கிறது என்று யோகராணி சொன்னதும் வாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“எங்கக்கா? ஒண்ணுமே தெரியலையே!”

யோகராணி அவருடைய விரல் நகத்தைப் பிடித்துக் கூர்ப்பக்கம் மெல்ல இழுத்தார். ஓரிடத்தில் நகம் தட்டியது.

“இதுக்குப் போயா? நான் எதையும் வெட்டப்போறதில்லக்கா, காத்துல வீசுறதுதான். பேரைப் போட்டுக் குடுங்க. ஒரு வருஷமா காத்திருக்கேன்.”

எனக்கும் கொடுத்தால் என்ன என்றுதான் பட்டது. யாருக்குத் தெரியப்போகிறது?

“வீசேக்கை பக்கத்திலை ஆர் நிக்கிறது?”

“என் பொண்ணு ப்ரீத்திதான். அவளும் கத்துக்கிறா.”

யோகராணி எங்கள் இருவரையும் தடித்த தகரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வாளை மேசையிலிருந்த வைஸ் பிடிக்குள் வைத்து இறுக்கினார். சம்மட்டியைத் தூக்கினார்.

“ஐயோ, வேண்டாம்!” என்று கத்தியேவிட்டேன்.

ஒரே அடி. வாள் முறிந்தது. முனைத்துண்டைக் காணவில்லை. தேடினால், பட்டறையின் அடுத்த கோடியில் பலகைக் கதவில் குத்திக்கொண்டு நிற்கிறது!

யோகராணி கதவடிக்கு நடந்து போனார். துண்டைப் பிடுங்கவில்லை. அது குத்தியிருந்த மட்டத்துக்கு நேரே உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றில் பிடித்தார்.

“பிள்ளை என்ன உயரம், தம்பி?”

சுதர்சன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். யோகராணி கையை இறக்கவில்லை.